மூன்று நொடி உறக்கமும் மூணாறும்

இணையப் படிவங்களைத் தானியங்கியாகச் சோதிப்போரிடையே ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஊராட்சியின் பெயரில் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் பெட்டியின் கீழே விரியும் பரிந்துரைப் பட்டியல் உடனே வந்துவிடுவதில்லை. எழுத்து வழங்கிக்குச் சென்று, அங்கே தேடல் நடந்து, விடை திரும்பி, திரையில் வரையப்பட வேண்டும். இந்த இடைவெளியைக் கடக்கச் சோதனை நிரலில் ஒரே ஒரு வரி சேர்க்கப்படுகிறது: மூன்று நொடி உறங்கு. அடுத்த வரி: பட்டியலின் முதற்பெயரைச் சொடுக்கு. பச்சை விளக்கு எரிந்ததும் படிவம் தேறிவிட்டதாக அறிக்கை போகிறது. இந்த மூன்று நொடிக்குள் எத்தனை பொய்கள் அடங்கியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்போர் அரியர். அப்பொய்களின் விலையைத் தருவோர் சோதனைக் கூடத்தில் இருப்பவர்களும் அல்லர்; தேவிகுளத்திலும் வட்டவடையிலும் கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் சான்றிதழுக்காகக் காத்திருப்பவர்கள்.

எளிய கணக்கிலிருந்து தொடங்கலாம். விடை அரை நொடியில் வந்துவிட்டால் மிச்சமுள்ள இரண்டரை நொடி வீண். இத்தகைய இருநூறு சோதனைகள் இருந்தால் உறக்கத்திற்கு மட்டுமே பத்து நிமிடம் போகும். விடை நான்கு நொடி எடுத்தால் சோதனை தோற்கும்; படிவத்தில் பிழை இல்லாமலேயே தோற்கும். அப்போது எழுதியவர் செய்வது மூன்றை ஐந்தாக்குவது, ஐந்தைப் பத்தாக்குவது. இவை இரண்டும் சிறு கேடுகளே. மூன்றாவது ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை: சோதனை தவறான காரணத்தால் தேறிவிடுவது.

விளக்கத்திற்காகப் பாலக்காடு, இடுக்கி மாவட்ட ஊராட்சிகளுள் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்: மறையூர், மாங்குளம், முதலமடை, மூணாறு. யூனிகோடு வரிசைப்படி அடுக்கினாலும் இதே வரிசைதான் வரும். மெய்யெழுத்துகளின் எண்கள் உயிர்க்குறிகளின் எண்களுக்கு முற்பட்டவை. எனவே ‘மற’ என்று தொடங்குவது ‘மா’வுக்கு முன்னே நிற்கும், ‘மூ’ கடைசியில் நிற்கும். இப்போது சோதனை எழுதுபவர் ‘மறை’ என்று தட்டி முதற்பெயரைத் தேர்வு செய்கிறார் எனக் கொள்க. முதல் எழுத்தான ‘ம’வுக்குரிய பட்டியல் ஏற்கெனவே திரையில் இருக்கிறது. ‘மறை’க்குரிய விடை இன்னும் வரவில்லை. ஆயினும் பழைய பட்டியலின் முதற்பெயரும் மறையூர்தான். சோதனை தேறுகிறது. படிவம் தன் வேலையைச் செய்ததா என்பது சோதிக்கப்படவே இல்லை, அகரவரிசை காப்பாற்றியது. அதே நிரலில் ‘மூணா’ என்று தட்டியிருந்தால், பழைய பட்டியலின் முதற்பெயரான மறையூர் சொடுக்கப்பட்டு மூணாற்றுக்காரர் மறையூர்க்காரராகியிருப்பார்.

இது சோதனை நிரலுக்கு மட்டும் நேரும் விபத்தன்று. எழுத்துகளை விரைந்து தட்டி, கீழே வந்த முதல் வரியைத் தொடும் எவருக்கும் நேரக்கூடியது. இரண்டு ஊராட்சிகளும் தேவிகுளம் வட்டத்திலேயே இருப்பதால் வட்டம், மாவட்டம் என்னும் மற்றப் பெட்டிகளில் எந்த முரண்பாடும் தெரியாது. விண்ணப்பம் தவறான அலுவலகத்திற்குப் போகும், அங்கே கிடக்கும், நிராகரிக்கப்படும். கல்விக் கட்டணச் சலுகைக்கு வருமானச் சான்று கேட்ட மாணவிக்குக் கடைசி நாள் கடந்துவிடும். சோதனை அறிக்கையில் மட்டும் எல்லாம் பச்சை.

‘உறங்கு’ என்னும் கட்டளைக்கு மாற்று இல்லாமலில்லை. 2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் தொடங்கிய செலினியம் நெடுங்காலமாகவே நிபந்தனைக்குக் காத்திருக்கும் வழியைத் தந்திருக்கிறது. (தட்டத் தட்டப் பரிந்துரை தரும் கூகுள் சஜெஸ்ட் வெளியானதும் அதே 2004இல்தான், நோயும் மருந்தும் ஒரே ஆண்டில் பிறந்தன போலும்.) குறித்த கூறு திரையில் தோன்றும்வரை, குறித்த சொல் அதில் இடம்பெறும்வரை, நிரல் அரை நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும்; நிபந்தனை நிறைவேறிய கணமே நகர்ந்துவிடும்; மேல்வரம்பு கடந்தால் மட்டுமே தோல்வி என்று சொல்லும். எல்லாக் கூறுகளுக்கும் பொதுவாக விதிக்கப்படும் உள்ளார்ந்த காத்திருப்பையும் ஒவ்வொன்றுக்கும் தனித்துச் சொல்லும் வெளிப்படைக் காத்திருப்பையும் கலக்காதீர் என்று செலினிய ஆவணமே எச்சரிக்கிறது. முன்னது பத்து நொடி, பின்னது பதினைந்து நொடி என்று வைத்தால் இருபது நொடி கழித்துக் கெடு முடியக்கூடும் என்பது அங்கே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டு. இரண்டையும் கலந்து, மேலே ஓர் உறக்கத்தையும் தெளித்து எழுதப்படும் நிரல்களுக்குக் குறைவில்லை.

அண்மைக் கருவிகள் இச்சிக்கலைத் தாமே தீர்த்துவிட்டன என்று சொல்வோர் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட் ஒன்றைச் சொடுக்குமுன் அது கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, இயங்கும் நிலையில் உள்ளதா, சொடுக்கு அதன்மேல்தான் விழுமா என்பவற்றைத் தானே சரிபார்க்கிறது. பாராட்டத்தக்கதே. ஆனால் ‘ம’வுக்கு வந்த பழைய பட்டியலும் கண்ணுக்குத் தெரிகிறது, அசையாமல் நிற்கிறது, இயங்குகிறது, சொடுக்கை ஏற்கிறது. இந்தப் பட்டியல் எந்தக் கேள்விக்கு வந்த விடை என்பதைக் கருவி அறியாது. அதை எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். ‘பட்டியல் தோன்றும்வரை’ என்று காத்திருப்பது போதாது. ‘மூணாறு என்னும் பெயருடைய வரி தோன்றும்வரை’ என்று காத்திருக்க வேண்டும். முதல் வரியை அல்ல, அந்த வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பின் படிவத்துக்குள் பதிவானது மூணாற்றின் குறியெண்தானா என்றும் கேட்க வேண்டும். ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்பு ஒவ்வோர் ஊராட்சிக்கும் தனிக் குறியெண் தந்திருக்கையில், எழுத்துகளின் ஒற்றுமையை மட்டும் நம்பி நிற்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை.

இதுவரை சொன்னது எம்மொழிக்கும் பொருந்தும். தமிழில் தட்டும்போது சிக்கல் இன்னும் ஓர் அடுக்கு ஆழம் போகிறது. அதைக் காணச் சோதனைக் கூடங்களுக்குக் கண் இல்லை, ஏனெனில் அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் தட்டப்படுகின்றன.

ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில விசைகளை அழுத்தித் தமிழ் பெறும் முறையில், ‘மூணாறு’ எப்படி உருவாகிறது என்று பாருங்கள். முதல் விசையில் ‘ம்’ வருகிறது. அடுத்து ‘மு’, பிறகு ‘மூ’. அதன்பின் ‘மூண்’. இன்னொரு விசையில் ‘மூண’, பின்னர் ‘மூணா’. ‘மூணாற்’ வந்த பிறகே ‘மூணாறு’. இவற்றுள் ‘ம்’, ‘மூண்’, ‘மூணாற்’ ஆகிய மூன்று நிலைகளும் புள்ளியில் முடிகின்றன. கணினியின் கணக்கில் ‘மூணாறு’ என்னும் சொல்லின் தொடக்கத்தில் ‘மூண்’ இல்லை. ணகரத்தை அடுத்து அங்கே நிற்பது புள்ளியன்று, ஆகாரக் குறி. ஆகவே முன்னொட்டுத் தேடல் ஒவ்வொரு முறையும் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று சொல்லும், அடுத்த விசையில் பட்டியல் மீண்டும் வரும், மறுபடி போகும். விரல் நடுவில் நின்றுவிட்டால், தன் ஊரே பட்டியலில் இல்லை என்றே ஒருவர் முடிவு செய்வார்.

1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இது நேராது. அங்கே அகரமேறிய மெய்யே முதலில் வருகிறது. ‘ம’, ‘மூ’, ‘மூண’, ‘மூணா’ என்று ஒவ்வொரு நிலையும் முழுச்சொல்லின் முன்னொட்டாகவே அமைகிறது. மெய்யின் இயக்கம் அகரத்தோடு பொருந்தியது என்று தொல்காப்பியம் கண்ட உண்மையைத்தான் இஸ்கி வழியாக யூனிகோடும் தன் அடிப்படையாகக் கொண்டது. தமிழ்99 அதனோடு இசைகிறது, ஒலிபெயர்ப்பு முறை இசைவதில்லை. ஒரே ஊர், ஒரே படிவம், இரண்டு விசைப்பலகைகள், இரண்டு அனுபவங்கள். தேடல் சொல்லின் இறுதியில் புள்ளி இருந்தால் அதை நீக்கிவிட்டுத் தேடுக என்று வழங்கியில் ஒரு வரி எழுதினால் இது தீரும். அந்த ஒரு வரி எழுதப்படாததற்குக் காரணம் இச்சிக்கல் எந்தச் சோதனையிலும் வெளிப்படாமையே. சோதனை நிரல் ‘மூணாறு’ என்னும் முழுச்சொல்லையும் ஒரே வீச்சில் பெட்டிக்குள் கொட்டுகிறது. எழுத்தெழுத்தாக இட்டாலும் முடிந்த எழுத்துகளையே இடுகிறது. பாதி உருவான எழுத்து அதன் உலகத்தில் இல்லை. மனித விரலோ பாதி எழுத்துகளின் வழியாகத்தான் முழு எழுத்தை அடைகிறது.

கொழிஞ்சாம்பாறையின் கதை வேறு. ‘கொ’வை யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் என ஓர் இணை, அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு, இயல்பாக்கம் செய்யப்படாதவரை, இரண்டும் வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் மூன்று துண்டு வடிவம் தங்கிவிடுவதுண்டு. அப்படி ஒரு பட்டியலில், ஒகரக் குறியோடு ‘கொழி’ என்று தட்டி, ‘கொழிஞ்சாம்பாறை’ தோன்றும்வரை காத்திருக்கும் சோதனை எத்தனை நொடி காத்திருந்தாலும் தோற்கும். மூன்றைப் பத்தாக்கினாலும் முப்பதாக்கினாலும் வராது. வரவே முடியாத ஒன்றுக்கான காத்திருப்பு அது. தோல்விச் செய்தியோ ‘நேரம் கடந்தது’ என்று மட்டும் சொல்லும். பழி இணைய வேகத்தின் மீது விழும், எழுத்தின் மீது விழாது. யூனிகோடு வகுத்த இயல்பாக்க விதி ஒன்றை இரு பக்கமும் செயல்படுத்தினால் தமிழில் இது தீர்ந்துவிடும்.

மலையாளப் பக்கம் அத்தனை எளிதன்று. மூன்னார், மறயூர், சிற்றூர் ஆகிய மூன்றும் மலையாள எழுத்தில் ரகரச் சில்லில் முடிகின்றன. 2008இல் வெளியான யூனிகோடு 5.1 சில்லெழுத்துகளுக்குத் தனி எண்கள் தந்தது; அதற்கு முன் அவை மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்னும் மூன்றின் சேர்க்கையாக எழுதப்பட்டன. இவ்விரு வடிவங்களையும் பொதுவான இயல்பாக்கம் ஒன்றாக்குவதில்லை; தனியாக மாற்றியாக வேண்டும். எல்லைப்புறத் தமிழரின் சிக்கல் என்று ஒதுக்கப்படுவது, சோதிக்கப்படாத வரையில், மலையாளிகளின் சிக்கலும்தான். சிறுபான்மை மொழிக்காகச் செய்யப்படும் சோதனை பெரும்பான்மைக்குச் செய்யும் சலுகைக் குறைப்பு என்று கருதுவோர் இதைக் கவனிக்கலாம்.

வலைப்பின்னல் வேகத்துக்கு வருவோம். சோதனை ஓடும் கணினியும் வழங்கியும் பல வேளைகளில் ஒரே தரவு மையத்தில் இருக்கின்றன. கேள்விக்குப் பின் விடை வரிசை பிசகாமல் வருகிறது. காந்தளூரின் சரிவுகளிலோ, தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாக மட்டுமே சாலையுள்ள பரம்பிக்குளத்திலோ, அலைபேசிக் குறி ஒரு கோட்டிலிருந்து இல்லாமைக்கும் மீண்டும் இரண்டு கோட்டுக்கும் தாவும் இடங்களில், முதலில் கேட்டதற்கு விடை பிறகு வரும்; பிறகு கேட்டதற்கு முதலில் வரும். ‘மூணா’வுக்கு வந்த சரியான பட்டியலின் மேல், தாமதமாய் வந்து சேர்ந்த ‘ம’வின் பட்டியல் ஏறி அமர்ந்துகொள்ளும். புதிய கேள்வி எழுந்ததும் பழையதைக் கைவிடு, வந்த விடை இப்போதைய கேள்விக்குரியதா என்று ஒப்பிடு என்பவை நிரலெழுதுவோர் அறிந்த தீர்வுகள். அவை உண்மையில் எழுதப்பட்டுள்ளனவா என்று அறிய ஒரே வழி, சோதனையிலேயே விடைகளை வேண்டுமென்றே இடம் மாற்றுவது: ‘ம’வுக்குரிய விடையை நான்கு நொடி பிடித்து வை, ‘மூணா’வுக்குரியதை உடனே விடு, ஐந்தாம் நொடியில் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார். வலைக் கோரிக்கையை இடைமறிக்கும் வசதி பிளேரைட்டிலும் சைப்ரஸிலும் இருக்கிறது. பத்து வரிக்கு மிகாத சோதனை. மலைக்குப் போகாமலே மலையின் வலைப்பின்னலைக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். எழுதப்படாததற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

எழுதாமைக்குப் பதிலாகச் செய்யப்படுவது மறு ஓட்டம். தோற்ற சோதனையை மீண்டும் ஓட்டு. மூன்றில் ஒருமுறை தேறினால் தேறியது என்று கொள். இத்தகைய நிலையற்ற சோதனைகள் எங்கும் உள்ளவைதாம். கூகுளின் சோதனைகளுள் ஏறத்தாழ 16 விழுக்காடு ஏதோ ஓரளவில் நிலையற்றவை என்று 2016இல் அந்நிறுவனத்தின் பொறியாளரே எழுதினார். 2014இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 51 திறந்தமூலத் திட்டங்களின் திருத்தங்களை ஆராய்ந்தபோது, நிலையின்மைக்கான காரணங்களுள் முதலிடம் பெற்றது ஒத்திசையாக் காத்திருப்புதான், 45 விழுக்காடு. நோயின் பெயர் தெரிந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. மூன்றில் இருமுறை தோற்கும் சோதனை ஓர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது: இந்தப் பட்டியல் சில வேளை தவறுகிறது. சோதனைக் கூடத்தில் மறு ஓட்டம் இலவசம். வட்டவடையிலிருந்து வண்டி பிடித்து இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, அக்ஷயா மையத்தின் வரிசையில் நிற்பவருக்கு மறு ஓட்டம் இன்னொரு நாள் கூலி.

இங்கே எழும் எதிர்வாதம் எல்லோரும் அறிந்ததே. அந்த மனிதர் தமிழில் தட்டுவதில்லை; மையத்தில் உள்ள பணியாளர் ஆங்கிலத்தில் தட்டுகிறார்; பிறகு தமிழுக்கென ஏன் சோதனை? வாதம் தன் காலைத் தானே வாருகிறது. தமிழில் தட்டினால் பட்டியல் நிலைகொள்வதில்லை, எனவே யாரும் தட்டுவதில்லை. யாரும் தட்டுவதில்லை, எனவே சோதிப்பதில்லை. சோதிப்பதில்லை, எனவே பட்டியல் நிலைகொள்வதில்லை. இந்தச் சுழலில் எங்கே புகுந்தாலும் அதை உடைக்கலாம். மிக மலிவான புகுமுகம் சோதனைதான். ஆங்கிலத்தில் தட்டும் பணியாளரும் பழைய பட்டியலின் பொறிக்குத் தப்பியவர் அல்லர்: ஆங்கில எழுத்தில் மூணாறும் முதலமடையும் ஒரே இரண்டு எழுத்துகளில்தான் தொடங்குகின்றன.

இன்னொரு வாதம் செலவு பற்றியது. சிறுபான்மை மொழிக்கெனத் தனிச் சோதனைக்குப் பணம் எங்கே என்பார்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்கிறது. விடையும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டும் என்கிறது. குறைதீர்க்கும் முறையீட்டை வழக்கிலுள்ள எந்த மொழியிலும் அளிக்க அரசமைப்பின் 350ஆம் உறுப்பு இடம் தருகிறது. 1956 நவம்பர் 1இல் எல்லைக்கோடு விழுந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தின் பக்கம் நின்றன. அங்குள்ள தமிழர்க்குக் கிடைத்த உறுதிமொழிகள் இவை. கடிதம் இன்று படிவமாகிவிட்டது. தாளில் எழுதிய ‘மூணாறு’ என்னும் சொல்லை எந்த அலுவலரும் ‘கிடைக்கவில்லை’ என்று திருப்பித் தள்ள முடியாது. இணையப் பெட்டி தள்ளுகிறது. தள்ளியதற்கு ஆணையோ கையொப்பமோ இல்லை, மேல்முறையீடும் இல்லை. உரிமையைச் சட்டமன்றத்தில் திருத்தினால் போராட்டம் எழும். முன்னொட்டுத் தேடலில் ஒரு புள்ளியால் அது கரைந்துபோனால் எவரும் அறியார். இதற்கு எதிரே வைக்கப்படும் செலவு சில பத்து வரி நிரல்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. அரசுப் படிவத்தை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் சோதனைத் தொகுப்பும் ஒப்படைக்கப்பட வேண்டும். அதில் நொடிக்கணக்கில் உறங்கும் வரி இருந்தால் திருப்பி அனுப்பப்பட வேண்டும். பட்டியலின் முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு சொடுக்கும் சோதனை சோதனையாகக் கருதப்படலாகாது. புள்ளியில் நிற்கும் பாதிச்சொல், இரு வடிவ ‘கொ’, இரு வடிவச் சில்லு, வரிசை மாறிய விடை ஆகிய நான்கும் ஒவ்வொரு பரிந்துரைப் பெட்டிக்கும் எழுதப்பட வேண்டும். ஒலிபெயர்ப்பு, தமிழ்99 ஆகிய இரு வழிகளிலும் கடக்கப்படும் இடைநிலைகளை நிரலில் வரிசையாக இட்டு, ஒவ்வொரு நிலையிலும் பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே குறிக்க வேண்டும். பட்டியலை நிரப்புவதில் மொழியறிந்தவர் ஒருவர் அமர வேண்டும். மூணாறு என்று காலங்காலமாக வழங்கும் ஊரை இயந்திர எழுத்துப்பெயர்ப்பு ‘மூன்னார்’ ஆக்கி வைத்திருந்தால், எந்தக் காத்திருப்பும் அதை வரவழைக்காது.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் அலுவலருக்கு நிரல் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒப்படைக்கப்பட்ட சோதனைக் கோப்புகளுக்குள் ‘மூணாறு’ என்னும் சொல்லைத் தேடிப் பார்க்கச் சொன்னால் போதும். ஒருமுறைகூட இல்லையென்றால் அந்தப் படிவம் அவ்வூருக்காக இன்னும் சோதிக்கப்படவில்லை.